பழைய கணினிக்கு எந்த எஸ்.எஸ்.டி.? பயாஸில் தெரியாத என்.வி.எம்.இ.யும் கைகொடுத்த சாட்டாவும்

என் மேசைக் கணினியின் மதர்போர்டு 2012ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஹார்டு டிஸ்க் திணறத் தொடங்கியதும் ஒரு என்.வி.எம்.இ. (வேகமான புதிய இணைப்பு முறை) எஸ்.எஸ்.டி.யையும் (சுழலும் பாகங்கள் இல்லாத, வேகமான டிஸ்க்), அதை மதர்போர்டின் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் பொருத்த ஒரு அடாப்டர் அட்டையையும் வாங்கினேன். மாட்டிவிட்டு, கணினி எழும்போது விண்டோஸுக்கு முன்பே இயங்கும் மதர்போர்டு மென்பொருளான பயாஸைத் திறந்தால், பட்டியலில் புதிய டிஸ்கைக் காணவில்லை. அட்டையைக் கழற்றி மாட்டினேன், ஸ்லாட்டை மாற்றினேன், பயனில்லை. பழைய ஹார்டு டிஸ்கிலிருந்து விண்டோஸ் 10ஐத் துவக்கி, டிஸ்குகளை நிர்வகிக்கும் அதன் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியைப் பார்த்தபோதுதான், அது அங்கே நல்லபடியாக இருப்பது தெரிந்தது.

ஆகவே, ‘டிஸ்க் தெரியவில்லை’ என்றால் எங்கே தெரியவில்லை என்பதை முதலில் பாருங்கள். பயாஸில் தெரிந்து விண்டோஸில் தெரியாவிட்டால் கவலையே வேண்டாம். புது டிஸ்கில் பார்ட்டிஷன் (கோப்புகளை வைப்பதற்கான பகுதி) எதுவும் இருக்காது, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இனிஷியலைஸ் செய்து ஒரு பார்ட்டிஷனை உருவாக்கினால் போதும். இரண்டிலும் தெரியாவிட்டால் கேபிள், ஸ்லாட், அல்லது தவறான வகை டிஸ்க். என்.வி.எம்.இ. டிஸ்குகள் வரும் எம்.2 என்ற சிறு அட்டை வடிவிலேயே சாட்டா (ஹார்டு டிஸ்குகளும் பயன்படுத்தும் பழைய இணைப்பு முறை) டிஸ்குகளும் வருகின்றன. என்.வி.எம்.இ.க்கான சாதாரண அடாப்டரில் அவை ஒருபோதும் வேலை செய்யாது. முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒன்று என்றால் பெரும்பாலும் என்.வி.எம்.இ. ஆனாலும் லேபிளைப் படித்து உறுதி செய்வதே நல்லது.

என் நிலைமை மூன்றாவது: விண்டோஸுக்குத் தெரிகிறது, பயாஸுக்குத் தெரியவில்லை. காரணம் எளிது. என்.வி.எம்.இ.யின் முதல் வரையறை 2011இல்தான் வெளியானது. அந்தக் காலத்து மதர்போர்டுகளின் பயாஸில் அதற்கான டிரைவரே (டிஸ்கோடு பேச உதவும் மென்பொருள்) கிடையாது. இன்டெல் தரப்பில், 2014இல் வந்த 9 வரிசை சிப்செட் (மதர்போர்டின் பாகங்களை இணைக்கும் முதன்மைச் சிப்) போர்டுகளிலிருந்துதான் இந்த வசதி பரவலானது, அதிலும் பலவற்றுக்கு பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதனால் உங்கள் போர்டுக்குப் புதிய பயாஸ் உண்டா என்று தயாரிப்பாளரின் தளத்தில் முதலில் தேடுங்கள். இருந்தால் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை.

இல்லாதவர்களுக்கு இரண்டு சுற்றுவழிகள் உண்டு. பயாஸ் கோப்புக்குள் என்.வி.எம்.இ. டிரைவரை நாமே செருகி எழுதுவது ஒன்று. நான் அதைச் செய்து பார்த்ததில்லை. எழுதும்போது பிசகினால் போர்டே எழாது என்பதால் துணியவில்லை. குளோவர் என்ற பூட்லோடரை (விண்டோஸைத் துவக்கிவைக்கும் சிறு மென்பொருள்) ஒரு பென்டிரைவில் போட்டு, அதில் என்.வி.எம்.இ. டிரைவரைச் சேர்த்துவிடுவது இன்னொன்று. கணினி பென்டிரைவிலிருந்து எழுந்து, பிறகு எஸ்.எஸ்.டி.யிலுள்ள விண்டோஸைத் துவக்கும். இந்த முறையில் ஆறு மாதம் ஓட்டினேன்.

வேகத்தைக் குறை சொல்லவே முடியாது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 2.0 ஸ்லாட்டில் நான்கு லேன் (தரவு செல்லும் தடம்) கிடைத்தாலே நொடிக்கு 2 ஜி.பி. வரை இடமுண்டு. சாட்டா 3 டிஸ்க் ஏறத்தாழ 550 எம்.பி.யோடு நின்றுவிடும், சாட்டா 2 போர்டில் அது 300க்கும் கீழே போகும். காகிதத்தில் பார்த்தால் போட்டியே இல்லை.

ஆனால் என் முடிவை மாற்றியது வேகம் அல்ல, பராமரிப்பு. என் கணினி எழுவது அந்தச் சிறு பென்டிரைவின் தயவில் இருந்தது. வீட்டில் யாரோ அதைச் சாதாரண பென்டிரைவ் என்று நினைத்துப் பிடுங்கிவிட்டால், அடுத்த முறை கறுப்புத் திரைதான். ஒருமுறை பயாஸ் பேட்டரி தீர்ந்து பூட் வரிசை கலைந்தது. நான் ஊரில் இல்லாத அந்த நாளில், தொலைபேசியிலேயே வழி சொல்லிச் சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆனது. பென்டிரைவ் கெட்டால் மாற்று வேண்டுமே என்று அதற்கொரு நகலும் எடுத்து வைத்தேன். வேலைக்கு உதவ வேண்டிய கணினியை நான் நாள்தோறும் காவல் காத்துக்கொண்டிருந்தேன். இன்னொருவரும் பயன்படுத்தும் கணினி என்றால், இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி.யை வாங்கி, பழைய ஹார்டு டிஸ்கின் அதே கேபிளில் மாட்டினேன். பயாஸ் உடனே பெயரைக் காட்டியது. அன்றாட வேலையில் இரண்டுக்கும் இடையே எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஹார்டு டிஸ்க் ஒவ்வொரு கோப்பையும் தேடிப் பிடிக்க 10 மில்லி நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும், எந்த எஸ்.எஸ்.டி.யும் அதை ஒரு மில்லி நொடிக்கும் மிகக் குறைவாக முடித்துவிடும். நாம் உணரும் சுறுசுறுப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. பெரிய வீடியோ கோப்புகளோடு மல்லுக்கட்டுபவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம், என் வேலை அப்படிப்பட்டதல்ல. விண்டோஸ் 7இலேயே இருப்பவர்களுக்கு சாட்டா இன்னும் பொருத்தம், என்.வி.எம்.இ. டிரைவர் அதனுடன் வருவதில்லை.

சாட்டாவும் சில இடங்களில் முரண்டு பிடிக்கும். விஐஏ விடி8237 போன்ற மிகப் பழைய சாட்டா 1 சிப்செட்டுகள் புதிய டிஸ்குகளோடு வேகத்தை ஒத்துப்போக முடியாமல் விட்டுவிடும். ஹார்டு டிஸ்குகளில் வேகத்தைக் குறைக்க ஜம்பர் (ஊசிகளில் மாட்டும் சிறு இணைப்பான்) இருந்தது, எஸ்.எஸ்.டி.யில் அது இல்லை. சில போர்டுகளில் கூடுதல் கட்டுப்பாட்டுச் சிப்பின் கீழ் வரும் போர்ட்டுகள் தகராறு செய்யும். சிப்செட்டின் சொந்தப் போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். இன்னொரு கணினியின் கேபிளில் ஒருமுறை சோதித்துவிட்டால் டிஸ்க் மீதான சந்தேகம் தீர்ந்துவிடும்.

என்.வி.எம்.இ.யை நான் வீசிவிடவில்லை. அதே அட்டையில், படங்களையும் காப்பு நகல்களையும் வைக்கும் இரண்டாம் டிஸ்காக இருக்கிறது. பயாஸுக்குத் தெரியாவிட்டாலும் அந்த வேலைக்கு விண்டோஸுக்குத் தெரிந்தால் போதும். அடுத்த கணினி வாங்கும்போது அதில் முதன்மை டிஸ்காகவே போய்விடும். சாட்டாவுக்கு அந்த எதிர்காலம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சாட்டாவிலும் ஒரு கவனம் தேவை. பேட்டரி தீர்ந்து பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பினால், சாட்டா டிஸ்குகளை இயக்கும் முறை ஏ.எச்.சி.ஐ. என்ற புதிய முறையிலிருந்து ஐ.டி.ஈ. என்ற பழைய முறைக்கு மாறிவிடக்கூடும். அப்போது விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடலாம். மறுபடி ஏ.எச்.சி.ஐ. என்று மாற்றினால் எழுந்துவிடும். அந்த ஒரு வரியைத் தாளில் எழுதி கேபினட்டின் பக்கவாட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.