கல்மீனா, கடல் கெளுத்தியா: எதற்கு அதிகம் பயப்படணும்?

சாங்கியில் தண்ணீர் வற்றும்போது இறங்குகிறீர்களா? இரண்டுமே சிங்கப்பூர்க் கரையோரத்தில் உண்டு, இரண்டுக்கும் விஷ முள் உண்டு. கெளுத்தியைக் கண்ணால் பார்த்து ஒதுங்கிவிடலாம்: கறுத்த உடம்பில் வெள்ளைக் கோடுகள், வாயைச் சுற்றி நாலு ஜோடி மீசை, குஞ்சுகள் என்றால் பந்துபோல ஒன்றாக உருண்டு திரியும். முள் மூன்றுதான், முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று.

கல்மீன் அப்படியில்லை. பவளத்திட்டிலும் சேற்றிலும் பாசி படிந்த கல்லாகவே கிடக்கும், காலடி கேட்டாலும் நகராது, மிதித்தால் அந்த அழுத்தமே முதுகு முள் வழியாக விஷத்தை ஏற்றிவிடும், முட்களோ சுமார் 13. என் ஓட்டு கல்மீனுக்கே. செருப்பு போதாது, கனமான அடியுள்ள காலணி வேண்டும்.

எது குத்தினாலும் சரி, தாங்கும் சூட்டு வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.