எல்லாம் 7.62 தான், குண்டின் விட்டம் மட்டும் வேறு

7.62×51 நேட்டோ, ஏகே-47க்குரிய 7.62×39, மோசின்-நாகந்த் ரைஃபிளில் போடும் 7.62×54ஆர். இந்த மூன்று தோட்டாக்களின் முனையில் இருந்து பறக்கும் குண்டையும் மைக்ரோமீட்டர் கருவியில் வைத்துப் பாருங்கள், ஒன்றுகூட 7.62 மி.மீ. காட்டாது. நேட்டோ குண்டு 7.82 மி.மீ., அதாவது 0.308 அங்குலம். மற்ற இரண்டும் ரஷ்யத் தோட்டாக்கள், அவை 7.9 மி.மீ.யை ஒட்டி, 0.310 முதல் 0.312 அங்குலம் வரை வரும்.

துப்பாக்கிக் குழலுக்குள் சுழன்று ஓடும் பள்ளங்களும், அவற்றுக்கு இடையே மேடுகளும் இருக்கும். மேட்டிலிருந்து எதிர் மேடு வரை அளந்தால்தான் 7.62. குண்டு பள்ளத்தையும் அடைக்க வேண்டும், அதனால் சற்றுப் பருமன். ரஷ்யக் குழலில் பள்ளம் இன்னும் ஆழம், அவ்வளவுதான் விஷயம். .303 பிரிட்டிஷ் தோட்டாவும் குண்டளவில் இந்த ரஷ்யக் கூட்டத்தோடுதான் சேரும்; .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம் இரண்டும் நேட்டோ பக்கம்.

வித்தியாசம் ஒரு தலைமுடித் தடிமன்தான். ஆனாலும் 0.308 குண்டை 0.311 குழலில் சுட்டால் ஓரமாக வாயு கசியும், குறி சிதறும். பெரிய குண்டைச் சிறிய குழலில் திணித்தால் அழுத்தம் ஏறும். அந்த .303ஐச் சுடும் பழைய லீ-என்ஃபீல்டு ரைஃபிள்களில் குழலுக்குக் குழல் அளவு மாறுவதால், மென்மையான ஈயத்துண்டை உள்ளே தட்டி இறக்கி, அதில் பதிந்த தடத்தை அளப்பது வழக்கம். அங்கேயும் ஒரு சிக்கல்: பெரும்பாலானவற்றில் ஐந்து பள்ளங்கள். ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மேடு வந்துவிடும், சாதாரண மைக்ரோமீட்டர் உதவாது.

என்னைக் கேட்டால், உண்மையில் பயப்பட வேண்டியது ஜெர்மன் 8×57 தோட்டாவுக்குத்தான். 1888இல் வந்த குண்டு 0.318 அங்குலம், 1905இல் கூர்முனைக் குண்டுக்கு மாறியபோது 0.323 ஆக்கினார்கள், அழுத்தமும் கூடியது. புதிய தோட்டா பழைய துப்பாக்கியிலும் பெரும்பாலும் நுழைந்துவிடும், வினையே அதில்தான். இந்தப் பயத்தால்தான் அமெரிக்கத் தரம் இதன் உச்ச அழுத்தத்தைச் சுமார் 240 மெகாபாஸ்கலில் நிறுத்துகிறது. ஐரோப்பியத் தரம் 390 வரை விடுகிறது. அதனால் ஒரே பெயரில் அமெரிக்காவில் வாங்கும் தோட்டா கொஞ்சம் சோப்ளாங்கி.

மற்றவை சுருக்கமாக. .220 ஸ்விஃப்ட், .222, .223 ரெமிங்டன், .225 வின்செஸ்டர்: எண்கள் எப்படி இருந்தாலும் குண்டு எல்லாவற்றிலும் 0.224 தான், விற்பனைக்கு வைத்த எண்கள் அவை. 5.56 நேட்டோவும் அதே 0.224, சுமார் 5.7 மி.மீ.; ரஷ்ய 5.45 அதைவிட 0.1 மி.மீ. சிறியது. 6.5 வகையில் க்ரீட்மோர், கிரெண்டல், சுவீடிஷ் மூன்றுக்கும் 0.264. கார்கானோ மட்டும் 0.268 என்று தனி வழி.

அப்புறம் .300 பிளாக்அவுட். .223இன் மருந்து நிரப்பும் கூட்டைக் குட்டையாக்கி 0.308 குண்டைச் செருகியது. இரண்டும் ஒரே மேகசினில் ஏறும், சில குண்டு வகைகளில் பிளாக்அவுட் தோட்டா .223 துப்பாக்கியின் தோட்டா அறைக்குள்ளும் நுழையும். 0.224 குழலில் அது போக வழியில்லை, துப்பாக்கியே வெடித்துவிடும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் மேகசின்களுக்கு வேறு வேறு நிறம் வாங்குவது இதற்காகத்தான்.