மாலத்தீவு பேக்கேஜ்: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் ஒரு கல்யாணம். பக்கத்து மண்டபத்தில் டூர் கண்காட்சி என்று பேனர் கட்டியிருந்தார்கள். எட்டிப் பார்த்தால், எங்களை மாலத்தீவுக்கு அனுப்பிய அதே ஆள், இந்தத் தடவை பாலிக்கு ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறார். கேஸ் நடப்பதால் பெயரைப் போடவில்லை, ஆனால் நடந்ததை இதற்கு மேலும் எழுதாமல் இருக்க முடியாது.

2025 ஆகஸ்டில் எங்களுக்கு இருபத்தைந்தாவது கல்யாண நாள். பாலாற்றில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கிற ஊர் நம்முடையது, கடல் நடுவில் தண்ணீர் மேல் வீடு என்று படம் காட்டினால் மயங்காமல் என்ன செய்வது. இரண்டு பேருக்கு மூன்று ராத்திரி, விமானம் சேர்த்து 2,40,000. "எல்லாமே ஆல் இன்க்ளூசிவ்க்கா. சாப்பாடு, ஜூஸு, தீவுக்குப் போறது எல்லாம் இதுலயே வந்துடும், நீங்க கைய வீசிக்கினு போலாம்" என்றார் அந்த ஏஜெண்ட். என் வீட்டுக்காரர் கொஞ்சம் இழுத்தார். "நம்மூர்க்காரன்ணா நானு, உங்கள ஏமாத்திட்டு எங்க போவப்போறேன்?" அந்த ஒரு பேச்சில் விழுந்தோம். ஜிஎஸ்டி 12,000, டிசிஎஸ் என்று முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி 12,600, விசா ஃபீஸ் ஆளுக்கு 1,500 என்று மேலே போட்டு மொத்தம் 2,67,600 கட்டினோம்.

முதல் திருட்டு அந்த விசா ஃபீஸ். மாலத்தீவில் போய் இறங்கியதும் இலவசமாகவே விசா தருகிறார்கள். இமுகா என்று அவர்கள் அரசாங்க இணையதளத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், விமானத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள். அதற்கும் காசு இல்லை. இந்த 3,000 சின்னத் தொகைதான், ஆனால் அங்கேயே நாங்கள் முழித்துக்கொண்டிருந்தால் மீதி நடந்திருக்காது.

நாங்கள் தயாரான லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, எலக்ட்ரிக் கெட்டில், அங்கே யாராவது தமிழ்க்காரர் வேலையில் இருந்தால் கொடுக்கலாமே என்று ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு டப்பா. பெட்டியை மூன்று தடவை எடை போட்டோம். கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது வந்த நான்கு பக்க வவுச்சரில், அதாவது புக்கிங் சீட்டில், மட்டும் பெயரின் ஸ்பெல்லிங்கைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டோம். மூலையில் மீல் பிளான் என்ற இடத்தில் 'எஃப்பி' என்று இரண்டு எழுத்து இருந்தது. அது ஃபுல் போர்டு, அதாவது மூன்று வேளை சாப்பாடு மட்டும். ஆல் இன்க்ளூசிவுக்கு 'ஏஐ' என்று இருக்க வேண்டும். எச்பி என்றால் இரண்டு வேளை, பிபி என்றால் காலை டிபனோடு சரி.

மாலே விமான நிலையத்தில் இறங்கியபோது மாலை ஐந்து மணி. ரிசார்ட்டின் கவுண்டரில் இருந்த பெண் பேப்பரைப் பார்த்துவிட்டு, இன்றைக்குப் போக முடியாது என்றாள். எங்கள் தீவுக்கு சீப்ளேன் என்ற, தண்ணீரில் இறங்குகிற சின்ன விமானத்தில்தான் போக வேண்டுமாம், சீப்ளேன் வெளிச்சம் இருக்கும்போது மட்டும்தான் பறக்குமாம். ஐந்து மணிக்கு இறங்குகிற டிக்கெட்டைப் போட்டுவிட்டு அதே ராத்திரிக்கு ரிசார்ட்டில் ரூமும் போட்ட மகானுபாவருக்கு இது தெரியாமலா இருக்கும்? அப்புறம் அடுத்த இடி. உங்கள் புக்கிங்கில் டிரான்ஸ்ஃபர், அதாவது இங்கிருந்து தீவுக்குப் போய் வருகிற செலவு, சேரவில்லை, போக வர ஆளுக்கு 420 டாலர் என்றாள்.

எங்கள் கையில் இருந்ததே 300 டாலர். கிரெடிட் கார்டை நீட்டினால் மெஷின் ஏற்கவில்லை. நம் நாட்டு கார்டுகளில் வெளிநாட்டு உபயோகம் தானாகத் திறந்திருக்காது, நாம்தான் பேங்க் ஆப்பில் திறந்துவிட வேண்டும் என்பது அங்கே நின்றுதான் தெரிந்தது. ஏர்போர்ட் வைஃபையில் என் வீட்டுக்காரர் ஆப்போடு போராட, நான் ஏஜெண்டுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கெல்லாம் நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. வாய்க்கு வாய் அக்கா என்றவர்.

ஒருவழியாக கார்டு வேலை செய்து, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹுல்ஹுமாலேயில் 90 டாலருக்கு ஒரு ரூம் எடுத்துத் தங்கினோம். பணம் கட்டிய வில்லா அந்த ராத்திரி காலியாகக் கிடந்தது. மறுநாள் சீப்ளேனில் ஏறுமுன் பெட்டியை எடை போட்டார்கள். ஆளுக்கு 20 கிலோ, கைப்பை 5 கிலோ. அதில் மட்டும் நாங்கள் பாஸ்.

தீவு அழகு, அதைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு தீவு முழுக்க ஒரே ரிசார்ட் என்பதால் வெளியே போய் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்க பெட்டிக்கடைகூடக் கிடையாது, ஆகவே அவர்கள் வைத்ததுதான் விலை. தண்ணீர் 5 டாலர் என்று மெனுவில் இருக்கும். அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ் 10%, இரண்டும் சேர்ந்த தொகைக்கு வரி 17%, கடைசியில் 6.43. கெட்டில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடித்தோம், கல்யாண நாளும் அதுவுமாக. ஆகஸ்ட் அங்கே மழைக்காலம் என்பதையும் ஏஜெண்ட் சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்க வில்லாவுக்குள் உட்கார்ந்து மழையைப் பார்த்தோம். கிளம்பும்போது கிரீன் டாக்ஸ், ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 12 டாலர், இரண்டு ராத்திரிக்கு 48. இது அரசாங்கம் போடுகிற வரி, ரிசார்ட்டின் மேல் தப்பில்லை. ஆனால் பேக்கேஜில் சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். எல்லாம் கூட்டினால் கிட்டத்தட்ட 1,100 டாலர், 95,000 ரூபாய்க்கு மேல் கைவிட்டுப் போனது.

ஊருக்கு வந்ததும் நான் செய்த முதல் உருப்படியான காரியம், ரிசார்ட்டின் ரிசர்வேஷன் பிரிவுக்கு நேராக மெயில் போட்டது. ஒரே நாளில் பதில் வந்தது: முதல் நாளிலிருந்தே எங்கள் புக்கிங் எஃப்பி, டிரான்ஸ்ஃபர் இல்லாமல். இந்த மெயிலைப் பணம் கட்டுவதற்கு முன் போட்டிருக்கலாம், புக்கிங் நம்பரைக் கொடுத்து என்ன சேர்ந்திருக்கிறது, என்ன சேரவில்லை, என்ன நேரத்துக்குள் இறங்க வேண்டும் என்று கேட்டால் அவர்களே எழுதித் தருகிறார்கள். ஏஜெண்ட் எங்களிடம் எழுத்தில் கொடுத்தது வவுச்சர் ஒன்றுதான், ஆல் இன்க்ளூசிவ் என்று சொன்னதெல்லாம் வாயோடு போனது. நல்ல வேளை, "எல்லாம் உள்ளயே வந்துடும்" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் மட்டும் அவர் என் போனில் விட்டிருந்தார், நான் அழிக்கவில்லை.

அந்த 12,600 டிசிஎஸ்? என் வீட்டுக்காரரின் பான் நம்பரில் கட்டியிருந்தால் வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் என்கிற வரிக் கணக்கில் தெரிய வேண்டும், ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம். டிசம்பரில் பார்த்தோம், ஒன்றும் இல்லை. யோசித்துப் பார்த்தால் பான் நம்பரையே ஏஜெண்ட் எங்களிடம் கேட்கவில்லை.

ஆபீசுக்குப் போய்ச் சத்தம் போட்டதற்கு 20,000 திருப்பிக் கொடுத்தார், 'முழுத் திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார், நான் போடவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், அதற்கும் அவர் அசையவில்லை என்றதும் இ-ஜாக்ரிதி என்ற அரசாங்க நுகர்வோர் தளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வவுச்சர், ரிசார்ட் மெயில், வாய்ஸ் மெசேஜ் மூன்றையும் இணைத்தாயிற்று. இதே ஆளிடம் ஏமாந்த வேறு யாராவது வேலூர், ராணிப்பேட்டை பக்கம் இருந்தால் உங்கள் வவுச்சரைத் தூக்கிப் போட்டுவிடாமல் எனக்குத் தனியாக எழுதுங்கள்.