பெருக்குவதா, உருமாற்றுவதா? நிலநடுக்கப் பதிவுகளை ஸ்கேல் செய்யும் வழிகள்

நான்லீனியர் டைம் ஹிஸ்டரி அனாலிசிஸுக்கு, அதாவது கட்டடம் சேதமடைவதையும் சேர்த்து நிலநடுக்கத்தைக் கணினியில் நொடிக்கு நொடி ஓட்டிப் பார்க்கும் கணக்குக்கு, எடுக்கும் நிஜ நிலநடுக்கப் பதிவுகள் வேறு மண்ணில், வேறு தூரத்தில் பதிவானவை. நம் கட்டடத்துக்கான இலக்கு ஸ்பெக்ட்ரத்தோடு (ஒருமுறை ஆடித் திரும்ப எடுக்கும் நேரமான அலைவு நேரம் ஒவ்வொன்றுக்கும், கட்டடம் உணரும் உச்ச முடுக்கத்தைக் காட்டும் வரைபடம்) அவை தாமாக ஒத்துப்போவதில்லை. ஒத்துப்போக வைக்க இரண்டு வழி உண்டு. பதிவு முழுவதையும் ஒரே எண்ணால் பெருக்கலாம். அல்லது பதிவுக்குள் சிற்றலைகளைச் சேர்த்து அதன் ஸ்பெக்ட்ரத்தையே இலக்கின் வடிவத்துக்கு மாற்றலாம். இதுதான் ஸ்பெக்ட்ரல் மேட்சிங்.

பெருக்குவதில், எதை வைத்துப் பெருக்குகிறோம் என்பதுதான் முக்கியம். பலர் முதலில் பிடிப்பது உச்ச நில முடுக்கத்தை, அதாவது பிஜிஏவை. 2 வினாடி அலைவு நேரம் கொண்ட உயரமான கட்டடத்துக்கு அது சரிப்பட்டு வராது. கலிபோர்னியாவின் 1940 எல் சென்ட்ரோ பதிவின் பிஜிஏ சுமார் 0.35 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்), 2 வினாடியில் அதன் ஸ்பெக்ட்ரல் முடுக்கம் 0.2 ஜியைத் தாண்டாது. 1985இல் மெக்சிகோ சிட்டியின் பழைய ஏரிப்படுகைக் களிமண்மேல், எஸ்சிடி என்ற பதிவு நிலையத்தில் கிடைத்த பதிவின் பிஜிஏ 0.17 ஜிதான், ஆனால் 2 வினாடியில் ஏறத்தாழ 1 ஜி. இரண்டையும் 0.35 ஜிக்குக் கொண்டுவந்தால் நம் கட்டடம் உணர்வது ஒன்றில் 0.2 ஜிக்குள், மற்றதில் 2 ஜி. பத்து மடங்கு வித்தியாசம்!

சரி, கட்டடத்தின் முதல் அலைவு நேரத்தில் பொருத்தினால்? நிலைமை நிறையவே மேம்படும். ஆனாலும் உயர் மோடுகள் (கட்டடம் நெளிந்து வேகமாக ஆடும் வடிவங்கள்) குறைந்த அலைவு நேரத்தில் இருக்கின்றன; கம்பி யீல்டாகி (மீளாமல் நீண்டு) கான்கிரீட் விரிசல் விட்டதும் கட்டடத்தின் அலைவு நேரமும் நீள்கிறது. அதனால்தான் ஐரோப்பாவின் யூரோகோட் 8, அமெரிக்காவின் ஏஎஸ்சிஇ 7-16 ஆகிய விதித்தொகுப்புகள் இரண்டும் ஒற்றைப் புள்ளியோடு நிற்காமல், முதல் அலைவு நேரத்தின் 0.2 மடங்கிலிருந்து 2 மடங்கு வரையான பரப்பைப் பார்க்கச் சொல்கின்றன. என் வாக்கு இந்த முறைக்கே. இரு கிடைத்திசைப் பதிவுகளுக்கும் ஒரே பெருக்கெண் போட வேண்டும். அது 4ஐத் தாண்டினால் வேறு பதிவைத் தேடுவது நல்லது.

மேட்சிங்கின் கவர்ச்சி புரிகிறது. ஸ்பெக்ட்ரத்தின் மேடு பள்ளமெல்லாம் தணிந்துவிடும், முடிவுகளின் சிதறல் குறையும், சில பதிவுகளிலேயே சராசரி நிலைப்படும். ஆனால் ஏஎஸ்சிஇ 7-16 எந்த முறையானாலும் 11 பதிவுகளுக்குக் குறையாமல் கேட்கிறது. பெருக்கிய பதிவுகளின் சராசரி இலக்கில் 90 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்று சொல்லும் அதே விதி, மேட்ச் செய்தவற்றுக்கு 110 சதவீதம் என்கிறது. நிலநடுக்கப் பிளவுக்கு அருகிலுள்ள இடமென்றால், அங்கே பதிவாகும் திசைவேகத் துடிப்பு (ஒற்றைப் பெரிய வேக அலை) கெடாமல் இருப்பதைக் காட்டினால்தான் மேட்சிங்குக்கே அனுமதி.

மேட்ச் செய்தபின் முடுக்க வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்படக் கூடாது. இருமுறை இன்டகிரேட் செய்து இடப்பெயர்ச்சியைப் பாருங்கள். அசல் பதிவில் இல்லாத சாய்வு கடைசியில் தெரிந்தால், சேர்த்த சிற்றலைகள் பேஸ்லைனை (பதிவின் பூஜ்யக் கோட்டை) கெடுத்திருக்கின்றன என்று பொருள்.

அப்புறம், இடிந்துவிழும் நிகழ்தகவைக் கணக்கிடும் வேலைக்கு மேட்சிங் வேண்டவே வேண்டாம். அங்கே பதிவுக்குப் பதிவு வரும் சிதறல்தான் நாம் அளக்க வந்ததே. மேட்சிங் முதலில் அழிப்பது அதைத்தான்.