‘ட்யூன் செய்த’ ஸ்லாலம் ஸ்கீயா? காலிப்பர் வைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

‘ஃபின் ட்யூன் பண்ணியாச்சு, பைண்டிங் மாட்டியாச்சு, நேரா தண்ணியில இறங்கலாம்’ என்று சொல்லி விற்கப்பட்ட பழைய ஸ்லாலம் ஸ்கீ ஒன்றைக் கழற்றிப் பார்த்ததில் கிடைத்தவை இவை. ஸ்லாலம் ஸ்கீ என்றால் படகு கயிற்றில் இழுக்க, மிதவைகளைச் சுற்றித் தண்ணீரில் ஓட்டும் ஒற்றைப் பலகை. ஃபின் அதன் வாலுக்கு அடியில் நிற்கும் தகடு, பைண்டிங் காலைப் பிடிக்கும் பூட். விற்றவர் பயிற்சியும் கொடுப்பவர். ஸ்கீ சரியாகத் திரும்பவில்லை என்று வாங்கியவர் போய் நின்றபோது, ‘குறை உங்கள் நிலையில்தான்’ என்று அவரிடமே மேலும் சில வகுப்புகளைத் தலையில் கட்டிவிட்டார். பெயர் வேண்டாம். இதே முறையில் பிழைக்கிறவர்கள் வேறு ஆட்களும் இருக்கிறார்கள் என்பதால் முறையைச் சொல்வதே பயன்.

ஸ்கீயோடு ஒரு அச்சிட்ட தாள் வந்தது. ஃபின் நீளம் 6.880, ஆழம் 2.480, வாலிலிருந்து தூரம் 0.760, விங் (ஃபினின் குறுக்கே பொருத்திய சிறு இறக்கை) 8 டிகிரி. நீளங்கள் எல்லாம் அங்குலத்தில், பார்க்க அழகாக. காலிப்பரை (தாடைகளுக்கு நடுவே பிடித்து நுண்ணளவு எடுக்கும் கருவி) வைத்தால் நீளம் 6.842, ஆழம் 2.447, வால் தூரம் 0.795. விங் 10 டிகிரியில் நின்றது. ஆழத்தில் காணாமல் போன 0.033 அங்குலம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, இதற்கா இவ்வளவு என்று தோன்றும். ஆனால் ஃபினை மாற்றிப் பழகியவர்கள் ஒரு தடவைக்கு 0.005, மிஞ்சினால் 0.010 அங்குலம்தான் நகர்த்துவார்கள். அந்தக் கணக்கில் இது வேறு ஸ்கீ.

எப்படி இப்படி ஆனது என்பதும் கழற்றியவுடன் தெரிந்தது. ஃபினைப் பிடிக்கும் பிளாக்கின் பக்கத் திருகுகளில் ஒன்றின் தலை உருண்டு போயிருந்தது, சாவி பிடிக்கவில்லை. இன்னொன்றின் மரை தேய்ந்து, பசை போட்டு நிறுத்தி வைத்திருந்தார்கள். பிடி இல்லாத ஃபின் ஓட ஓட மெல்ல மேலே ஏறி பிளாக்குக்குள் போகும். ஃபின் கீழ்நோக்கிக் குறுகும் வடிவம் என்பதால், மேலே ஏறினால் ஆழத்தோடு நீளமும் சேர்ந்து குறையும். தாளில் இருந்த எண்கள் தயாரிப்பாளர் சொன்ன எண்கள். அந்த ஸ்கீயை யாரும் அளக்கவே இல்லை.

ஆழம் குறைந்தால் வாலுக்குப் பிடிமானம் போய்விடும். மிதவையைச் சுற்றித் திரும்பி முடிக்கும் நேரத்தில் வால் சறுக்கிக்கொண்டு வெளியே ஓடும். நீளம் குறைந்தால் மூக்கு தண்ணீரைக் கவ்வாது. இரண்டும் சேர்ந்தால் ஓட்டுபவருக்குத் தான்தான் பின்காலில் உட்கார்ந்துவிட்டோம் என்ற எண்ணம் வரும். பயிற்சியாளர் அதையே சொன்னார்: ‘முன்காலில் அழுத்துங்கள்.’ ஆழம் குறைந்த ஃபினில் முன்காலை அழுத்தினால் மூக்கு இறங்கி வால் மேலும் லேசாகும், இன்னும் மோசமாகச் சறுக்கும். அதற்கு அடுத்த வகுப்பு. இப்படியே போனது.

இதில் மாட்டாமல் இருக்க ஸ்லாட் காலிப்பர் ஒன்று வேண்டும், அதாவது தாடையில் வெட்டு போட்டது. சாதாரண காலிப்பர் ஃபினின் மேல் ஸ்கீ அடிப்பரப்போடு ஒட்டி உட்காராது. ஸ்கீயைக் கவிழ்த்து வைத்து, ஃபினில் மணலோ பாசியோ இல்லாமல் துடைத்துவிட்டு அளக்க வேண்டும். நீளம்: ஃபின் ஸ்கீயைத் தொடும் இடத்தில், முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை. ஆழம்: ஸ்கீ அடிப்பரப்பிலிருந்து ஃபினின் மிகத் தாழ்ந்த புள்ளி வரை. காலிப்பரை முன்னும் பின்னும் நகர்த்தி, வரும் எண்களில் பெரியதை எடுக்க வேண்டும். வால் தூரம்: ஸ்கீயின் வால் நுனியிலிருந்து ஃபினின் பின்விளிம்பு வரை. ஒவ்வொன்றையும் மூன்று தடவை எடுங்கள். 0.003-க்கு மேல் தள்ளாடினால் கை இன்னும் பழகவில்லை என்று அர்த்தம், அந்த எண்ணை நம்பி எதையும் நகர்த்த வேண்டாம்.

நீளத்தைக் காலிப்பரின் தாடைத் தட்டையில் அளப்பவர்களும் உண்டு, நுனியில் அளப்பவர்களும் உண்டு. ஒரே ஃபினுக்கு இரண்டும் வேறு எண் காட்டும். யாராவது நீள எண் கொடுத்தால் எதில் எடுத்தது என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால், அந்த எண்ணை அவர் எங்கிருந்தோ பார்த்து எழுதியிருக்கிறார்.

பக்கத் திருகுகளை இறுக்கும்போதே ஃபின் 0.002, 0.003 அங்குலம் நகர்ந்துவிடும். அதனால் இறுக்கிய பிறகு மூன்று அளவையும் மறுபடி எடுக்காத ட்யூனிங் ட்யூனிங்கே இல்லை. ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும்: ஃபினின் முன்பகுதியைக் கொஞ்சம் கீழே இறக்கினால் ஆழம், நீளம் இரண்டும் நகரும். ‘ஆழம் மட்டும் கொஞ்சம் கூட்டினேன்’ என்று வாயால் சொல்லிவிட்டுப் போகிறவரிடம், முன்னே என்ன இருந்தது, பின்னே என்ன ஆனது, இரண்டு வரிசையும் எழுதி வாங்குங்கள்.

விங் தனிக் கதை. கோணத்தைக் கூட்டினால் மிதவைக்கு முன்னால் ஸ்கீ வேகம் இழக்கும், மூக்கும் கொஞ்சம் இறங்கும். இழுவையைப் படகு எழுப்பும் அலை தாண்டியும் விடாமல் பிடித்துக்கொண்டு மிதவைக்கு வேகமாக வந்து சேர்பவருக்கு இது முதல் நாளில் மருந்துபோலத் தெரியும். ‘பார்த்தீர்களா, எவ்வளவு நிதானம்!’ பிறகு அதே விங் அவரைக் குறுக்கே போகவிடாமல் தடுக்கும், தூரம் எட்டாது, கை வலிக்கும். 7 முதல் 9 டிகிரிக்குள் பெரும்பாலோர் ஓட்டுகிறார்கள். காரணம் சொல்லாமல் 10 வைத்திருந்தால் சந்தேகப்படலாம்.

இனி ஸ்கீயின் உடம்பு. கார்பன் மேலோடு, உள்ளே ஃபோம். மேலோடு எங்காவது பிளந்து தண்ணீர் உள்ளே போனால் ஃபோம் ஊறும், வளைவு மாறும். மேலே புது கிளியர்கோட் அடித்துப் பளபளப்பாக்கிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. நாணயத்தால் மூக்கிலிருந்து வால் வரை தட்டிக்கொண்டே போங்கள். ‘டிக் டிக்’ என்று வரும் ஓசை ஓரிடத்தில் ‘தப்’ என்று மாறினால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது. முன் பைண்டிங்கின் முன்னாலும் அடியிலும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அதிகம் வளைவது அங்கேதான். வாலைக் கீழே வைத்து ஓர் இரவு சாய்த்து வைத்தால், ஊறிய ஸ்கீயில் காலையில் ஃபின் பிளாக் இடுக்கில் ஈரம் கசிந்திருக்கும். மேலே சொன்ன ஸ்கீயில் அலுமினியம் அரித்த வெள்ளைப் பொடியும் அங்கேயே இருந்தது.

அடிப்பரப்பில் உள்ளங்கையை ஓட்டினால் பைண்டிங்குக்கு நேர் கீழே சிறு புடைப்பு ஒன்று கையில் தட்டியது. மேலே பைண்டிங் திருகுக்காகப் பதித்த இன்செர்ட்டின் மரை கழன்றதும், நீளமான திருகைப் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். அது முட்டி அடித்தோலை வெளியே தள்ளியிருக்கிறது. இதை யாரும் முழுதாகச் சரிசெய்து தர முடியாது. இது ஒன்றே போதும், ஸ்கீயைத் திருப்பிக் கொடுக்க.

பைண்டிங்கில் பணம் போனால் போகட்டும், கால் போகக் கூடாது. முன்னால் டூயல் லாக்கில் (ஒன்றையொன்று கவ்வும் பிளாஸ்டிக் பட்டை) பிடித்து விழும்போது கழன்று வரும் பூட், பின்னால் திருகி இறுக்கிய ரப்பர் பூட் என்று கலந்து மாட்டித் தருகிறார்கள். விழும்போது ஒரு கால் விடுபட்டு இன்னொரு கால் சிக்கிக்கொண்டால், முழு ஸ்கீயும் நெம்புகோலாக மாறி அந்தக் கணுக்காலைத் திருகும். இரண்டு பூட்டும் ஒரே தட்டில் சேர்ந்து கழல வேண்டும், அல்லது இரண்டுமே ரப்பர் பிடியில் இருந்து கால் உருவி வர வேண்டும், அல்லது முன்னால் பூட்டும் பின்னால் வெறும் விரல் பட்டையும் இருக்க வேண்டும். டூயல் லாக் பட்டை கழற்றி மாட்ட மாட்டத் தேயும். எத்தனை பழையது என்று தெரியாத பட்டையை முதல் நாளே பிய்த்துப் போட்டுப் புதிது ஒட்டுங்கள்.

பைண்டிங்கை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதையும் வாலிலிருந்து முன் பூட்டின் குதிகால் வரை டேப் வைத்து அளக்கலாம். 66, 67 அங்குல ஸ்கீக்கு இது 29 முதல் 30 அங்குலத்தை ஒட்டி வரும், தயாரிப்பாளர் குறிப்பில் சரியான எண் இருக்கும். முன்னால் நகர்த்தினால் மூக்குப் பிடி கூடும், பின்னால் தள்ளினால் வால் கனக்கும். ஃபினை நகர்த்தும் நாளில் பூட்டை நகர்த்தாதீர்கள். எது வேலை செய்தது என்று அப்புறம் கண்டுபிடிக்க முடியாது.

கயிறு விஷயத்தில் ஏமாற்று சின்னது, பாதிப்பு பெரியது. படகின் பைலனிலிருந்து (கயிறு மாட்டும் கம்பம்) ஹேண்டிலின் உட்புறம் வரை சேர்த்துத்தான் 18.25, 16, 14.25, 13, 12, 11.25, 10.75, 10.25 மீட்டர் என்று படிப்படியாகக் குறைத்துக் கடினமாக்கும் வரிசை வருகிறது. இதில் ஹேண்டில் பங்கு 1.5 மீட்டர். கயிறு ஓரிடத்திலும் ஹேண்டில் வேறிடத்திலும் வாங்கி, ஹேண்டில் 1.6 மீட்டர் இருந்துவிட்டால் எல்லா நீளமும் 10 செ.மீ. கூடிவிடும். 16 மீட்டரில் இதை யாரும் உணர மாட்டார்கள். மிதவை படகு ஓடும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டரில் இருக்கிறது, 11.25 மீட்டர் கயிறு அந்தத் தூரத்தைவிடவே குறைவு, மீதியை உடம்பும் நீட்டிய கையும்தான் எட்ட வேண்டும். அங்கே 10 செ.மீ. இனாமாகக் கிடைத்தால் ‘நீங்கள் முன்னேறிவிட்டீர்கள்’ என்று சொல்வது சுலபம். ட்யூப் இழுத்த கயிற்றை ஸ்லாலத்துக்குக் கொடுப்பதும் நடக்கிறது. நார் பிசிறி, கண்ணிகள் நீண்டு போயிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 20 கிலோ இழுவையில் வைத்து அளந்தால் உண்மை தெரியும். நீளாத வேக்போர்டு கயிறு இன்னொரு தவறு. ஸ்லாலத்துக்குச் சற்றே நெகிழும் கயிறு வேண்டும், இல்லாவிட்டால் அடி முழுதும் இடுப்பில் இறங்கும்.

கோர்ஸையும், அதாவது மிதவைகள் கட்டிய ஓட்டப் பாதையையும், நம்பிவிட வேண்டாம். நுழைவு கேட்டிலிருந்து (மிதவை ஜோடி) முதல் மிதவைக்கு 27 மீட்டர், ஆறு மிதவைகளில் மிதவைக்கு மிதவை 41, கடைசியிலிருந்து வெளியேறும் கேட்டுக்கு 27, மொத்தம் 259 மீட்டர். வாடிக்கையாளரைச் சந்தோஷப்படுத்த மிதவைகளை உள்ளே இழுத்துக் கட்டிய கோர்ஸில் ஆறையும் சுற்றிவிட்டு வந்து, சரியான கோர்ஸில் இரண்டாவதோடு நிற்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்யாவிட்டாலும், தண்ணீர் மட்டம் இறங்கினால் கயிறு தளர்ந்து மிதவை நகரும். படகு போகும் பாதையின் மிதவையிலிருந்து அதே பக்கத்து திருப்ப மிதவைக்கு 10.35 மீட்டர் இருக்க வேண்டும். படகில் உட்கார்ந்தே டேப் பிடித்துப் பார்த்துவிடலாம்.

வேகத்துக்குக் கைப்பேசி ஸ்டாப்வாட்ச் போதும். கேட்டிலிருந்து கேட் வரை 55 கி.மீ. வேகத்தில் 16.95 நொடி, 58-இல் 16.08 நொடி. படகின் திரை 55 என்று காட்டும்போது 16.5 நொடியில் முடிந்தால், கோர்ஸ் 252 மீட்டர்தான் இருக்கிறது, அல்லது படகு சொன்னதைவிட வேகமாகப் போகிறது. இரண்டில் எது என்று ஜிபிஎஸ் சொல்லும். வேகக் கட்டுப்பாடு இல்லாமல் கையால் த்ராட்டில் பிடிக்கும் படகில் ஒவ்வொரு இழுப்புக்கும் வேகம் விழும், அதில் எடுத்த எந்த முடிவையும் வைத்து ஃபினைத் தொடாதீர்கள்.

கடைசியில் பயிற்சி. குறை ஸ்கீயிலா உடம்பிலா என்று பிரித்துச் சொல்லத் தெரியாதவரிடம் எதை ஓட்டினாலும் வீண். கோர்ஸுக்கு வெளியே, 18.25 மீட்டர் கயிற்றில், பழகிய வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு பக்கத் திருப்பத்திலும் ஒரே குறை வந்தால் அமைப்பைச் சந்தேகிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் வந்தால் பெரும்பாலும் நிலைதான்: இடுப்பு பின்னால் விழுகிறது, தோள் படகுப் பக்கம் சாய்கிறது, அல்லது ஸ்கீ திரும்பி முடிப்பதற்குள் கை ஹேண்டிலைப் பிடிக்க ஓடுகிறது. முதல் மிதவையிலேயே தாமதம் என்றால் கேட்டைப் பாருங்கள். வெளியே போதிய அகலம் எடுக்காமல் உள்ளே திரும்புகிறவருக்கு எந்த ஃபின் எண்ணும் உதவாது. கயிறு தளர்வதும் அப்படியே: இரண்டாவது அலை தாண்டியதும் விளிம்பை மாற்றாமல் இழுத்துக்கொண்டே போனால், மிதவையில் வேகம் மிஞ்சிவிடும். திரும்பியபின் படகை நோக்கியே பாய்ந்து, கயிறு தொய்ந்து, பிறகு ஒரு வெட்டு வெட்டும்.

43, 46 கி.மீ. வேகத்தில் ஓட்டுகிறவர்களிடம் 58-க்கு வடிவமைத்த ஒடுக்கமான போட்டி ஸ்கீயை ‘எதிர்காலத்துக்கும் ஆகும்’ என்று விற்பதும் இதே ஆட்கள்தான். அந்த வேகத்தில் அது திருப்பத்தில் மூழ்கும், ஆழ்தண்ணீரிலிருந்து எழுவதே போராட்டமாகும். நடுப்பகுதி அகலமான ஸ்கீ போதும். உங்கள் எடையையும் ஓட்டும் வேகத்தையும் கேட்காமல் அளவு சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

பணம் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: மூன்று ஃபின் அளவும் விங் கோணமும், காலிப்பர் ஸ்கீயின் மேல் இருக்கும் படத்தோடு; பைண்டிங் தூரம்; பழுது பார்த்த இடங்கள்; தண்ணீரில் ஓட்டிப் பார்த்துத் திருப்பித் தர எத்தனை நாள் அவகாசம் என்பது. மேலே சொன்ன விற்பனையாளரிடம் கேட்டபோது வந்த பதில், ‘ஓட்டின ஸ்கீயைத் திரும்ப எடுக்க மாட்டோம்.’ ஓட்டாமல் அந்த வால் சறுக்குவது எப்படித் தெரியும் என்பதற்குப் பதில் வரவில்லை. இறுக்கிய திருகுத் தலைகளின் குறுக்கே பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், பிறகு யாராவது பிளாக்கைத் தொட்டார்களா, திருகு தானாகத் தளர்ந்ததா என்ற வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.