பின்கதவுக்கு மூன்றடி இடம் விடுங்கள்

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி மாறியதிலிருந்து என் மச்சினனுக்கு வேறு நினைப்பே இல்லை. 4 மீட்டருக்கு மேல் நீளமும் 1500 சிசிக்கு மேல் இன்ஜினும் கொண்ட பெரிய எஸ்யூவிகளுக்கு, செஸ் சேர்த்து 50 சதவீதமாக இருந்த வரி 40 ஆகிவிட்டது. 4 மீட்டருக்குள் அடங்கினாலும், நான்கு சக்கரமும் இழுக்கும் (4×4) மஹிந்திரா தார், மாருதி ஜிம்னிக்குக் குறைப்பு அவ்வளவு இல்லை என்றாலும் குறைந்திருக்கிறது. "மாமா, தாரா, ஜிம்னியா, டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பா? இந்த மாதிரி வண்டியோடு பல வருடமாகக் குடித்தனம் நடத்துகிறீர்களே, சொல்லுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் தினமும் நச்சரிக்கிறான். பின்கதவின் கீலை மாற்றிய பில் சட்டைப்பையில் கிடக்கும் வாரம் பார்த்துக் கேட்கிறான்.

என் வண்டியின் பெயர் வேண்டாம். பின்கதவில் ஸ்டெப்னியைச் சுமக்கும் இனம். அவ்வளவு பாரத்தோடு கதவை மேலே தூக்கி நிறுத்த முடியாது, அதனால் பக்கவாட்டில் திறக்கிறது. நியாயமான காரணம்தான். ஆனால் அதை யோசித்தவர்கள் பெங்களூரு அடுக்குமாடியின் பேஸ்மென்டைப் பார்த்ததில்லை. எங்கள் குடியிருப்பில் வண்டியின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டித்தான் நிறுத்த வேண்டும். இடைவெளி ஒரு சாண். அரிசி மூட்டையை இறக்க வேண்டுமென்றால், வண்டியை வெளியே இழுத்து, எல்லோருக்கும் வழியை மறித்து, இறக்கி முடித்து, மறுபடி உள்ளே விட வேண்டும். இதற்குள் பின்னால் மூன்று ஹாரன். அல்சூர் கடைத்தெருவில் நிறுத்தினால், ஸ்டெப்னியை உரசும்படி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு யாராவது பூ வாங்கப் போய்விடுகிறார்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்கண்ணாடியில் பாதி தெரிவதில்லை. ஏற்றத்தில் நிறுத்திக் கதவைத் திறந்தால், கையை எடுத்ததும் அது திரும்பி வந்து முதுகில் அறைகிறது.

இத்தனையும் பழகிவிட்டது. பழகாதது சத்தம். நகரத்தின் பள்ளங்களில் அந்தப் பாரம் ஆடி ஆடிக் கீல் தேய்ந்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னால் 'டக்' என்றது. ஒரு சர்வீஸ் சென்டர் சஸ்பென்ஷன் புஷ்களை மாற்றிப் பணம் வாங்கிக்கொண்டது. சத்தம் அப்படியே இருந்தது. கடைசியில் ஜே.சி. ரோட்டில் வயதான மெக்கானிக் ஒருவர் கதவைத் திறந்து, இரு கையாலும் தூக்கிப் பார்த்து, "கீல் போய்விட்டது சார்" என்றார். வேறு எதையும் அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இந்த வண்டியை ஜூன் மழையில் சக்லேஷ்புரம் பக்கத்து காபி எஸ்டேட் பாதையில் ஓட்டினால் என் வாய் அடைத்துவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன். டயர் காற்றை 20 பிஎஸ்ஐக்கு இறக்கி, ஃபோர்-லோ (நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் கியர்) போட்டு, இறக்கத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டால், இன்ஜினே பிடித்துப் பிடித்து இறக்கிவிடும். செம்மண் சேற்றில் நடக்கும் எருமையின் நிதானம். ஆனால் மச்சினன் நினைப்பதுபோல் ஊருக்குள் 4×4 போட்டு ஓட்ட முடியாது. தார், ஜிம்னி இரண்டிலும், முன், பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் நடு டிஃபரென்ஷியல் கிடையாது. காய்ந்த தார்ச்சாலையில் திரும்பும்போது முன், பின் அச்சுகள் ஒரே வேகத்தில் சுழல முயன்று ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். சில்க் போர்டு சிக்னலில் அந்த லீவர் வெறும் அலங்காரம்.

இரண்டில் எது? சேற்றில் ஜிம்னி. சுமார் 1200 கிலோதான் எடை, புதைவது குறைவு. ஆனால் அந்த 1.5 லிட்டர் பெட்ரோலின் இழுப்பு 134 நியூட்டன் மீட்டர். கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் லாரியை முந்த நெஞ்சில் தைரியம் வேண்டும். தாரின் 2.2 லிட்டர் டீசலுக்கு 300. பின்கதவு விஷயத்தில் இரண்டும் ஒரே ஜாதி.

இழுவை என்றால் பிக்கப்தான். ஆட்டோமேட்டிக் ஹைலக்ஸுக்கு 500 நியூட்டன் மீட்டர். நம் ஊரில் டிரெய்லர் இழுப்பவர்கள் அபூர்வம். சேற்றில் மாட்டியவனை இழுத்துவிடுவதுதான் இழுவை. அதற்கு, வண்டியின் பின்னால் டிரெய்லருக்காக இருக்கும் உருண்டைக் கொக்கியில் கயிற்றை மாட்டவே கூடாது. அது முறிந்து பறந்தால் உயிர்போகும். சேசிஸில் அதற்கென்று இருக்கும் வளையத்தில்தான் மாட்ட வேண்டும். பாரமில்லாத பிக்கப் விறைப்பான லீஃப் ஸ்பிரிங்கால் பின்பக்கம் குதிக்கும், 5.3 மீட்டர் நீளம் வேறு. காக்ஸ் டவுனில் மச்சினன் வீட்டுச் சந்தில் அது திரும்பவே திரும்பாது.

ஆனால் ஹைலக்ஸில் ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் கிடக்கிறது. பின்பலகை கீழே மடிகிறது, சுவரை ஒட்டி நின்றாலும் மூட்டையைப் பக்கவாட்டில் தூக்கிவிடலாம். ஆகவே ஹைலக்ஸே வாங்கு என்று எழுதி அனுப்பிவிட்டேன். சந்தில் திருப்புவதை அவன் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்த மழைக்குச் சக்லேஷ்புரம் போய்வந்த பிறகு கேட்டால் வேறு பதில் சொல்வேன்.