பாவேயான் தீவுல இடம் வாங்கறவங்க கவனத்துக்கு: பெத்தோக் டி-ங்கிற பழைய வரிப் பேப்பர காட்டி காசு புடுங்கறாங்க

சிங்கப்பூர் மலேசியால வேலை பார்த்துக்கிட்டு இந்தோனேசியா பொண்ண கட்டின நம்ம பசங்க யாராவது மாமியார் ஊர்ல இடம் வாங்கற ஐடியால இருந்தா இத முழுசா படிச்சிடுங்க. நீளமா இருக்கும், பரவால்ல. எங்களுக்கு போனது 9 கோடியே 20 லட்சம் ரூபியா. கேக்கத்தான் பெருசு, நம்ம காசுக்கு அஞ்சு லட்சத்துக்கு கொஞ்சம் கம்மி. ஆனா கப்பல் பட்டறைல ஓவர்டைம் பார்த்து சேத்த காசு, அதனால வயிறு எரியுது.

என் வைஃப்புக்கு சொந்த ஊரு பாவேயான் தீவு, சங்கபுரா பக்கம் ஒரு சின்ன கிராமம். சிங்கப்பூர்ல போயான் ஆளுங்கன்னு சொல்றோமே, அவங்க பூர்வீகமே அதுதான். கிழக்கு ஜாவால கிரெசிக் துறைமுகத்துல இருந்து வேக போட்ல மூணு நாலு மணி நேரம், அதுவும் கடல் நல்லா இருந்தா. டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் மேற்கு காத்து அடிக்கும், கப்பல் நின்னுடும், கடைல முட்டை கேஸ் எல்லாம் தீர்ந்து போயி விலை ஏறிடும். ஆம்பளைங்க பாதிப் பேரு மலேசியா சிங்கப்பூர்னு வெளிய இருக்கறதால புலாவ் புத்ரி, அதாவது பொண்ணுங்க தீவுன்னே அதுக்கு ஒரு பேரு உண்டு. இத ஏன் சொல்றேன்னா புரோக்கர்க பொழைக்கறதே இதுலதான், கையெழுத்து போட வேண்டிய ஆளு எவனும் ஊர்ல இருக்க மாட்டான்.

2024 மார்ச் 22 அங்க 6.5 அளவுல நிலநடுக்கம் வந்துச்சு, நோன்பு மாசம். மாமி வீட்டு பின்பக்க சுவரு விரிஞ்சு போச்சு, பயந்துக்கிட்டு கொஞ்ச நாள் வெளியவே படுத்தாங்க. சரி அதே ஊர்ல வேற இடம் பார்த்து சின்னதா ஒரு வீடு கட்டிடலாம்னு நானும் வைஃப்பும் பேசினோம். அப்பதான் இந்த ஆளு வந்தான், வைஃப்புக்கு தூரத்து சொந்தம், சித்தப்பா முறை, சுரபாயால இருக்கான், ஊருக்கு வந்து போயிட்டு இருப்பான். அங்க புரோக்கர மக்கெலார்னு சொல்வாங்க, ஆனா இவன் மக்கெலார்னு சொல்லிக்கவே மாட்டான், "குடும்பத்துக்கு உதவி பண்றேன் மாப்ள"ங்கிற மாதிரிதான் பேச்சு.

இடம் நல்ல இடம்தான், அத பொய் சொல்லக்கூடாது. ரோட்டுல இருந்து உள்ள, எட்டு தென்ன மரம், ஒரு ஓரத்துல பாய் பின்ற தாழை வரிசையா இருக்கும், அதுதான் எல்லைன்னு சொன்னான். விலை 12 கோடி ரூபியா, 8 கோடி டிபி (அங்க அட்வான்ஸ டிபின்னுதான் சொல்றாங்க), மீதி சர்டிபிகேட் வந்ததும். அவன் குடுத்தது மூணு பேப்பர். ஒண்ணு பழுப்பேறின பெத்தோக் டி, ரெண்டாவது அந்த வருஷ நில வரி நோட்டீஸ், மூணாவது 10,000 ரூபியா மெத்தராய் ஸ்டாம்ப் ஒட்டி ஸ்டாம்ப் மேலயே கையெழுத்து போட்ட குவிதான்சி, அதாவது ரசீது. ஸ்டாம்ப் ஒட்டிட்டா சட்டப்படி ஆயிடுச்சுன்னு ஊர்ல எல்லாரும் சொல்றாங்க, மாமியும் சொன்னாங்க.

இந்த மூணும் சேர்ந்தாலும் சொத்துப் பத்திரம் கிடையாது. பெத்தோக் டி-ங்கிறது 1960-ல நிலச் சட்டம் வர்றதுக்கு முன்னாடி இருந்து வர்ற வரிப் பதிவு, அந்த சட்டத்துக்கு அப்புறம் அது உரிமைக்கு ஆதாரம் இல்ல. நம்ம ஊர்ல தீர்வை கட்டின ரசீத நீட்டி இதுதான் பத்திரம்னு சொன்னா சிரிப்பீங்கல்ல, அந்த கதைதான். வரி நோட்டீஸ்லயும் இது உரிமைச் சான்று இல்லன்னு அவங்களே பிரிண்ட் பண்ணித்தான் குடுக்கறாங்க, பொடி எழுத்துல. மெத்தராய் ஸ்டாம்ப் வெறும் வரி, நாளைக்கு கோர்ட்டுல அந்த பேப்பர காட்டலாம் அவ்வளவுதான், நிலம் யாருதுன்னு அது சொல்லாது. நிஜ பத்திரம்னா நில அலுவலகம், பிபிஎன்னு சொல்வாங்க, அவங்க குடுக்கற செர்டிபிகாட் ஹக் மிலிக், அதாவது முழு சொத்துரிமை சர்டிபிகேட். விக்கறது வாங்கறது பிபிஏடி-ங்கிற பத்திர அதிகாரி முன்னாடி நடக்கணும், அத்துவான இடத்துல சமாத், அதாவது வட்டாரத் தலைவரே தற்காலிக பிபிஏடியா இருப்பாரு. பாவேயானுக்கு பிபிஎன் ஆபீஸ் கடலுக்கு இந்தப் பக்கம் கிரெசிக்ல. அப்ப என்ன ஆகும், மாமி போயி கேக்க முடியாது, கப்பல் ஏறி போறவன் புரோக்கர் மட்டும்தான். சர்டிபிகேட்டுக்கு அப்ளை பண்றேன், அளக்க ஆள் வரணும், போட்டு செலவு, அது இதுன்னு தவணை தவணையா இன்னும் 1 கோடியே 20 லட்சம் வாங்கினான்.

அப்ளை பண்ணினா பெர்காஸ் நம்பர்னு ஒண்ணு வரும், சென்துஹ் தானாகுன்னு பிபிஎன்னோட ஆப் இருக்கு, அதுல பார்க்கலாம். நம்பர் குடுன்னு வைஃப் கேக்க கேக்க வாட்ஸாப்ல "புரோசஸ்ல இருக்கு, பொறுமையா இரு"ன்னே வரும், கூட ஒரு கை கூப்புற எமோஜி. கடைசியா வைஃப்போட கசின் நேரா கிரெசிக் ஆபீஸ் போயி கவுன்டர்ல கேட்டா அப்படி ஒரு மனுவே வரலன்னுட்டாங்க.

இன்னொரு விஷயம், இது வெளிநாட்டு புருஷன் இருக்கற எல்லாருக்கும். ஹக் மிலிக் இந்தோனேசியா குடிமக்களுக்கு மட்டும்தான். வைஃப் குடிமகள்தானே அவ பேர்ல வாங்கலாமேன்னு தோணும், ஆனா கல்யாணத்துக்கு அப்புறம் வாங்கற சொத்து ரெண்டு பேருக்கும் பொது சொத்து ஆயிடும், சொத்து பிரிப்பு ஒப்பந்தம் இல்லன்னா அதுல பாதி வெளிநாட்டுக்காரனுது, அதனால ஒழுங்கான பிபிஏடி கையெழுத்து போட மாட்டாரு. முன்னாடி அந்த ஒப்பந்தத்த கல்யாணத்துக்கு முன்னாலயே போடணும்னு இருந்துச்சு, அரசியல் சாசன கோர்ட்டு 2016-ல குடுத்த தீர்ப்புக்கு அப்புறம் கல்யாணம் முடிஞ்சும் போட்டுக்கலாம். அப்பா அம்மா வழில வர்ற பங்கு பொது சொத்துல சேராது, அது அவளுக்கு தனி. இத எல்லாம் நாங்க தெரிஞ்சுக்கிட்டது கிரெசிக்ல ஒரு நோட்டரி அம்மாகிட்ட, காசு கூட வாங்கல, பொறுமையா உக்காந்து சொன்னாங்க. நம்ம புரோக்கர் குடுத்த ஐடியா என்னன்னா, வைஃப்போட அடையாள கார்டுல இன்னும் கல்யாணம் ஆகலன்னுதான் இருக்கு, அப்படியே விட்டுடு, இல்லன்னா இடத்த என் பேர்ல பதிஞ்சு வச்சுக்கறேன், நமக்குள்ள ஒரு பேப்பர் எழுதிக்கலாம்! இந்த பினாமி வேலைய மட்டும் எவன் சொன்னாலும் செய்யாதீங்க, நேராவோ சுத்தி வளைச்சோ வெளிநாட்டுக்காரன் கைக்கு ஹக் மிலிக் போற மாதிரி பண்ணினா அந்த ஒப்பந்தம் செல்லாது, நிலம் அரசாங்கத்துக்கு போயிடும், குடுத்த காச திருப்பி கேக்கவும் முடியாது, 1960 சட்டத்துலயே 26-வது பிரிவுல இருக்கு.

விஷயம் உடைஞ்சது 2025 பெருநாளுக்கு. பெருநாளுக்குத்தான் மலேசியால இருக்கறவங்க எல்லாம் ஊர் திரும்புவாங்க, போட்டுல இடமே கிடைக்காது. பாவேயான் வீட்டு முன்னாடி துருங்னு ஒரு மரத் திண்ணை இருக்கும், மேல நெல்லு வைக்கற பரண், கீழ உக்காந்து பேசற இடம். அங்க உக்காந்திருக்கோம், ஒரு பெரியவர் வந்தாரு, சலாம் சொன்னாரு, காபி குடிச்சாரு, கேக் சாப்பிட்டாரு, அப்புறம்தான் ரொம்ப சாந்தமா கேட்டாரு, "அந்த தென்னந்தோப்புல சிமென்ட் கட்டை நட்டது யாரு?" நுனில சிவப்பு பெயின்ட் அடிச்ச எல்லைக் கட்டை, புரோக்கர் ஆள வச்சு நட்டது. நாங்க வாங்கின இடம்னு மாமி சொன்னாங்க. அவரு டம்ளர கீழ வச்சுட்டு சொன்னாரு, "அது எங்க அம்மாவோட இடம். நாங்க ஆறு பேரு, இன்னும் பிரிக்கல."

எங்களுக்கு வித்தது அந்த ஆறு பேர்ல கடைசி தம்பி. கிராம ஆபீஸ்ல லெட்டர் சி-ன்னு பழைய பெரிய ரிஜிஸ்டர் இருக்கும், போயி பார்த்தா அந்த நம்பர்ல இன்னும் அவங்க தாத்தா பேருதான் இருக்கு, இங்க்கே மங்கிப் போச்சு. வாரிசு இடம்னா எல்லா வாரிசும் கையெழுத்து போட்ட வாரிசு கடிதம் வேணும், ரெண்டு சாட்சி, கிராமத் தலைவர், சமாத் எல்லாரும் உறுதிப்படுத்தணும். அது இல்லாம ஒருத்தன் மட்டும் விக்கவே முடியாது. இதுல கொடுமை, அந்த தம்பி கைக்கு வந்தது 2 கோடிதானாம், டிபில மீதி 6 கோடி நம்ம சித்தப்பா பாக்கெட்ல. அதோட நிக்கல, தீவோட இன்னொரு வட்டாரமான தம்பாக்ல இருந்து இன்னொரு குடும்பமும் இதே எட்டு தென்ன மரத்துக்கு ஒரு குவிதான்சி வச்சிருக்காங்க, அதே கையெழுத்து, அதே ஸ்டாம்ப், எங்களுக்கு ரெண்டு மாசம் முந்தின தேதி.

ஊர் கூட்டத்துல பேசினோம். பெரியவர் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, "உங்க காசு எங்க போச்சோ அங்க கேளுங்க, இடத்துல கை வைக்காதீங்க"ன்னு சொன்னாரு, நியாயம்தான். புரோக்கர் வந்தான், தலைய குனிஞ்சான், மாசா மாசம் திருப்பி தர்றேன்னு எழுதி குடுத்தான் (அதுலயும் மெத்தராய் ஸ்டாம்ப்!). ஒரு தவணை 50 லட்சம் ரூபியா வந்துச்சு, அப்புறம் போன் நம்பர மாத்திட்டான். இப்ப போலீஸ்ல வைஃப் பேர்ல புகார் குடுத்திருக்கோம், சொந்தக்காரன் மேல புகாரான்னு குடும்பத்துல பாதி பேரு எங்ககூட பேசறதில்ல. பேசாட்டி போகட்டும்.

யாராவது வாங்கறதா இருந்தா, காசு ஒரு ரூபியா குடுக்கறதுக்கு முன்னாடி லெட்டர் சி ரிஜிஸ்டர்ல யாரு பேரு இருக்குன்னு உங்க வீட்டு ஆளு கண்ணால பார்க்கணும், போட்டோவ நம்பாதீங்க. வாரிசு எத்தன பேரு, வெளிநாட்டுல யாரு இருக்கான்னு அக்கம்பக்கத்துல கேளுங்க, முடிஞ்சா பெருநாள் நேரத்துல கேளுங்க, எல்லாரும் ஊர்ல இருப்பாங்க. தகராறு இல்லாத நிலம்னு கிராமத்துல ஒரு சான்று தருவாங்க, அதையும் வாங்குங்க. பிபிஏடி ஃபீஸ் 1 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, வாங்கறவன் வரி 5 சதவீதம் (ஒரு அளவு வரைக்கும் விலக்கு உண்டு), விக்கறவன் வரி 2.5. இதுக்கு மேல எவனாவது ஆபீஸ் செலவுன்னு கேட்டா ரசீது கேளுங்க, அந்த ஆபீஸ் ரசீது, குவிதான்சி இல்ல.

அந்த ஆளு இப்ப கடல் பார்த்த இடம்னு புதுசா ஒண்ணு காட்டறதா கேள்விப்பட்டேன். கடல் ஏத்தத்துல தண்ணி அதிகபட்சமா ஏறி வர்ற கோட்டுல இருந்து குறைஞ்சது 100 மீட்டர் கரைப் பாதுகாப்பு பகுதி, 2016-லயே ஜனாதிபதி உத்தரவு இருக்கு, அங்க வீடு கட்ட விடமாட்டாங்க. ஜொகூர்ல இருக்கற பாவேயான் ஆளுங்ககிட்டதான் இப்ப பேசிட்டு இருக்கானாம், உங்க சொந்தத்துல யாராவது அங்க இருந்தா இத அனுப்பி விடுங்க.